பண்டிகைப் பணம் யார் கையைச் சேர்கிறது?

ஐப்பசி பிறந்துவிட்டால் கண்டி மாநகரின் வீதிகளில் நடமாடுவது எளிதன்று. கொழும்பு வீதியிலும் யட்டிநுவர வீதியிலும் புடைவைக் கடைகளின் வாயில்களிலே கூட்டம் நெருங்கும். தோட்டப் புறங்களிலிருந்து வரும் பஸ் வண்டிகள் காலையில் இறக்கிவிட்ட ஆட்களை மாலையிலே பொட்டலங்களோடு ஏற்றிச் செல்லும். தீபாவளி கழிந்தால் நத்தார். நத்தார் கழிந்தால் தைப்பொங்கல். பின்னர் சித்திரைப் புத்தாண்டு. இவற்றிடையே இஸ்லாமியரின் பெருநாட்கள், வெசாக், எசல பெரஹரா. நான்கு மதத்தவரும் கூடி வாழும் இந்நகரில் பண்டிகையில்லாத பருவம் என்று ஒன்றில்லை. ஆகவே கடைத்தெரு ஓய்ந்திருக்கும் பருவமும் இல்லை.

பண்டிகைக்குப் புத்தாடை வாங்குவதும், உற்றார்க்குப் பரிசு கொடுப்பதும் குற்றமல்ல. ஆண்டு முழுவதும் வயிற்றைக் கட்டி வாழும் குடும்பம் ஒரு நாளேனும் மகிழ்ந்திருக்க விரும்புவதைக் குறைகூற எவர்க்கும் உரிமையில்லை. ஆனால், ஒரு வினாவை நாம் கேட்டுப் பார்க்கலாம். நம் கையை விட்டுப் போகும் அந்தப் பணம் யார் கையைச் சேர்கிறது? நூல் நூற்றவள், துணி நெய்தவள், பாய் பின்னியவள், கொழுந்து பறித்தவள், கடையிலே நாள் முழுவதும் நின்று துணியை விரித்துக் காட்டியவள் ஆகியோருக்கு அதில் எவ்வளவு? இவ்வினாவைக் கேட்பதற்குப் பொருளாதார நூற்புலமை வேண்டியதில்லை; வாங்குகிறவன் என்ற ஒரு தகுதி போதும்.

இந்நாளில், நலிவுற்ற பெண்களுக்கு உதவும் பொருட்டு இப்பொருளை வாங்குங்கள் என்று எழுதிய அட்டைகளை ஆங்காங்கே காண்கிறோம். நல்ல முயற்சிதான். ஆயினும், இதனைத் தருமமாகக் கருதி வாங்குவோரும் உளர். இது வெறும் விளம்பரம் என்று ஒதுக்கித் தள்ளுவோரும் உளர். இரு சாராரும் ஓர் உண்மையைக் காணத் தவறுகின்றனர் என்பதே என் கருத்து. கைத்தொழில் செய்பவள் நம்மிடம் இரந்து நிற்பவள் அல்லள். நமக்கு ஒரு பொருளைத் தந்து அதற்குரிய விலையைக் கேட்பவள். அவளுக்கு நாம் தர வேண்டியது இரக்கமன்று. நேரான விலையும் நிலையான கேள்வியுமே.

இதனை விளங்கிக்கொள்ளக் கண்டியின் பழைய வரலாறே போதிய சான்று தரும். கண்டி அரசர் காலத்தில் கைவினைஞர் சந்தையை நம்பி வாழவில்லை. பொற்கொல்லரும், தந்தத்தில் செதுக்குவோரும், நெசவாளரும் அரசனுக்கும் கோயிலுக்கும் ஊழியம் செய்தனர். அவ்வூழியத்துக்கு ஈடாக நிலம் பெற்று உழுதுண்டனர். 1815இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கையில் வீழ்ந்தது. பின்னர் கோல்புறூக் ஆணைக்குழுவின் சீர்திருத்தங்களை அடுத்து இராசகாரிய முறையும் ஒழிந்தது. கட்டாய ஊழியம் ஒழிந்தது நன்மையே. அதனை மறுப்பார் இல்லை. ஆயின், கைவினைஞனைத் தாங்கி நின்ற கையும் அதனோடு விலகிற்று. அந்த வெற்றிடத்திலே இங்கிலாந்து ஆலைத்துணி வந்து புகுந்தது.

ஆதரவிழந்த கலைகளைக் காக்கும் எண்ணத்துடன் 1882இல் கண்டியக் கலைச் சங்கம் தோன்றியது. வாவிக்கரையிலுள்ள அதன் கட்டிடத்தை அறியாத கண்டிவாசி இரார். அதன் பின் இருபது ஆண்டுகள் கழித்து இந்நாட்டுக்கு வந்தார் ஆனந்த குமாரசுவாமி; சர் முத்துக்குமாரசுவாமியின் புதல்வர். கனிப்பொருள் ஆய்வுக்காக மலைநாட்டுக் கிராமங்களிலே அலைந்தவர், கனிப்பொருளை விட அருமையான கைத்திறனைக் கண்டார். 1908இல் அவர் வெளியிட்ட ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ என்னும் பெருநூல், மறைந்து கொண்டிருந்த ஓர் உலகத்தின் பதிவேடு. அவருடைய மனைவி எதெல் அந்நூலுக்குப் படங்கள் பிடித்தார். கண்டிய மாதரின் தையல் வேலைப்பாட்டை ஆராய்ந்தார். அவரே பின்னாளில் எதெல் மைரே என்ற பெயரில் இங்கிலாந்தில் கைநெசவுக்குப் புத்துயிர் அளித்தவராகப் போற்றப்பட்டார். நம் மலைநாட்டில் விழுந்த ஒரு வித்து கடல் கடந்தும் முளைத்தது!

குமாரசுவாமியின் நூலைப் படிப்போர்க்கு ஒன்று தெளிவாகும். கலை அழிவது கைத்திறன் குறைவதால் மட்டுமன்று. வாங்குவோர் இல்லாமையாலும் அழிகிறது. அரசன் போன பின் அவன் இடத்தை யார் நிரப்புவது? குடியாட்சி நாட்டில் அந்த இடம் வாங்குகிற பொதுமக்களாகிய நம்முடையது. நாம் ஒவ்வொருவரும் சிறு சிறு அரசராகிவிட்டோம். ஆனால், அரசனுக்கிருந்த கடமையுணர்வு மட்டும் நமக்கு வரவில்லை.

தும்பறைப் பகுதியில் மெனிக்ஹின்னைக்கு அருகே கலாசிரிகம என்றொரு சிற்றூர் உண்டு. ஹண என்னும் நாரைச் சீவியெடுத்து, கழுவி, உலர்த்தி, சாயமேற்றித் தறியிலே நெய்யும் குடும்பங்கள் அங்கே வாழ்கின்றன. சப்பங்கிக் கட்டையிலிருந்து சிவப்பும், மரமஞ்சளிலிருந்து மஞ்சளும் பெறுவது அவர்தம் மரபு. இலையை உரிப்பதிலிருந்து பாயை முடிப்பது வரை குடும்பத்தின் எல்லாக் கைகளும் வேலை செய்யும். பழைய சமுதாயத்திலே மிகத் தாழ்ந்த படியில் வைக்கப்பட்டிருந்த கின்னர வகுப்பினர் இவர்கள். 2021இல் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ நிறுவனம் இந்நெசவை மனிதகுலத்தின் அருவ மரபுச் செல்வங்களுள் ஒன்றாகப் பட்டியலிற் சேர்த்தது. உலகம் மதித்தது மகிழ்ச்சியே. ஆனால், பட்டியலைக் கொண்டு உலை வைக்க முடியுமா? கண்டியிலுள்ள எத்தனை இல்லங்களில், எத்தனை பாடசாலை மண்டபங்களில், தும்பறைப் பாய் ஒன்று தொங்குகிறது? பத்து மைல் தொலைவில் இருப்பதை நாம் அறியோம். பத்தாயிரம் மைலுக்கு அப்பாலிருப்பவன் அறிந்து வாங்கிச் செல்கிறான்.

பெண்களின் கைத்தொழில், நேர்மையான வாணிகத்தால் நிமிர்ந்து நின்றதற்கு இந்நாட்டிலேயே எடுத்துக்காட்டுகள் உள. 1928இல் கண்டியிற் பிறந்தவர் பார்பரா சன்சோனி. ஓவியரான அவரிடம், நல்லாயன் சபைக் கன்னியர் தம் பராமரிப்பிலிருந்த ஏழைப் பெண்களின் நெசவுக்கு வழிகாட்டும்படி கேட்டுக்கொண்டனர். அவர் அப்பெண்களுக்குப் பணம் திரட்டிக் கொடுக்கவில்லை, நிறங்களைக் கொடுத்தார். நம் நாட்டு வெயிலிலும் வயலிலும் கடலிலும் காணும் அழுத்தமான நிறங்களைத் தறியில் ஏற்றச் செய்தார். 1964இல் தோன்றிய ‘பெயார்ஃபுட்’ நிறுவனம் அவ்வாறு வளர்ந்ததே. இரக்கப்பட்டு வாங்குவதற்காக அன்றி, அழகுக்காகவே உலகம் அத்துணிகளைத் தேடி வந்தது. 1991இல் குருநாகலில் ஒரு பெண்மணி, கிராமத்துப் பெண்கள் சிலரைக் கொண்டு தொடங்கிய ‘செலின்’ கைத்தறி நிறுவனம் நியாய வணிக நெறியை ஏற்று வளர்ந்து, பல கிராமங்களின் பெண்களுக்குத் தொழில் தந்தது. கண்டியிலேயே, வன்முறையாலும் வறுமையாலும் உடற்குறையாலும் நலிந்த பெண்களிடையே பணிசெய்யும் மகளிர் அபிவிருத்தி நிலையம், அவர்தம் கைவினைகளை விற்பதற்கென ‘ஸ்திரீ’ என்ற பெயரில் கடையொன்றை அமைத்தது. இம்முயற்சிகள் யாவும் ஒரே பாடத்தைச் சொல்கின்றன. பொருள் நன்றாயிருந்தால் வாங்கியவன் மறுமுறையும் வருவான். இரக்கத்துக்காக வாங்கியவன் ஒருமுறைதான் வருவான்.

நம் அண்டை நாட்டிலும் இதே பாடமே. 1927 நவம்பரில் காந்தியடிகள் இலங்கைக்கு வந்தபோது கண்டிக்கும் வந்தார். அவர் வந்த நோக்கம் கதர் நிதி திரட்டுவது. கதரைப் பற்றி அரசியலாகவே பேசிப் பழகிவிட்டோம். அதன் நடுவிலே இருந்தவள் இராட்டை சுற்றும் ஏழைப் பெண் என்பதை மறந்துவிட்டோம். ஒரு முழம் கதர் வாங்கினால் அதில் ஒரு பங்கு அவள் வீட்டு அடுப்புக்குப் போய்ச் சேரும் என்பதே அடிகளின் கணக்கு. 1959இல் பம்பாய் நகரில் ஏழு பெண்கள் எண்பது ரூபாய் கடன் வாங்கி அப்பளம் இடத் தொடங்கினர். நன்கொடை பெறுவதில்லை என்பது அவர்கள் கொண்ட உறுதி. அதுவே பின்னர் ‘லிஜ்ஜத்’ என்னும் பெரிய கூட்டுறவாகிப் பல்லாயிரம் பெண்களுக்கு வாழ்வளித்தது. 1946இல் எட்னா ரூத் பைலர் என்ற அமெரிக்கப் பெண்மணி புவர்ட்டோ ரிக்கோத் தீவில் ஏழைப் பெண்கள் செய்த தையல் வேலைகளைக் கண்டு, அவற்றைத் தம் நாட்டுக்குக் கொணர்ந்து மோட்டார் வண்டியில் வைத்து விற்றார். இன்று நியாய வணிகம் என்று உலகம் வழங்குவதன் தொடக்கங்களுள் அதுவும் ஒன்று.

இவ்வளவும் கைத்தொழில் பற்றியது. ஆனால், கண்டியைச் சூழ்ந்த மலைகளிலே பெண்களின் உழைப்பு எதுவென்று கேட்டால், தறியும் பாயும் பின்னரே நினைவுக்கு வரும். தேயிலையே முதலில் நிற்கும். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை பயிரிட்ட லூல்கந்துர இக்கண்டி மாவட்டத்திலேயே இருக்கிறது. அன்றிலிருந்து இன்று வரை கொழுந்து கிள்ளும் கை பெரும்பாலும் தமிழ்ப் பெண்ணின் கை. பண்டிகைக் காலத்தில் வெளிநாட்டு உறவினருக்கும் நண்பருக்கும் அனுப்பத் தேயிலைப் பெட்டி வாங்காதார் நம்முள் சிலரே. அழகிய மரப்பெட்டி, மேலே கூடை சுமந்து சிரிக்கும் ஒரு பெண்ணின் படம். அந்தப் படத்துக்குரியவளுக்கு அப்பெட்டியின் விலையில் என்ன கிடைக்கிறது?

சிறு கணக்கொன்று போட்டுப் பார்ப்போம். 2024 செப்டம்பரில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,350 ரூபா என்று நிர்ணயிக்கப்பட்டது. அதனை உயர்த்தி, வருகைக் கொடுப்பனவோடு 1,750 ரூபா ஆக்கும் யோசனை 2025 நவம்பரில் வரவு செலவுத் திட்டத்தோடு வந்தது. ஒருத்தி நாளொன்றுக்குப் பதினெட்டுக் கிலோ கொழுந்து பறிப்பதாகக் கொள்வோம். ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்தே ஒரு கிலோத் தேயிலையாகிறது. ஆக, அவளுடைய ஒரு நாள் உழைப்பு நான்கு கிலோத் தேயிலை. 1,350 ரூபாவை நான்காற் பகுத்தால் கிலோவுக்குச் சுமார் 340 ரூபா; நூறு கிராம் பெட்டிக்கு 34 ரூபா. 1,750 ரூபா என்று வைத்துக் கொண்டாலும் நூறு கிராமுக்கு 44 ரூபாவைத் தாண்டாது. உல்லாசப் பயணிகள் கடையில் அந்நூறு கிராம் என்ன விலைக்கு விற்கிறது என்பதை வாசகர்கள் தாமே சென்று பார்த்துக் கொள்ளலாம். தொழிற்சாலைச் செலவு, உரம், ஏற்றுக்கூலி, வரி, பெட்டியின் விலை எல்லாம் உண்டு; மறுக்கவில்லை. ஆயினும் பெட்டியின் மேலுள்ள படத்துக்கும் உள்ளேயுள்ள பங்குக்கும் இடையிலுள்ள தூரம் பெரிது.

அவளும் தீபாவளி கொண்டாட வேண்டுமே! அதற்குத் தோட்டங்களில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள், தீபாவளி முற்பணம். பண்டிகைக்கு முன் ஒரு தொகையைக் கொடுத்து, பின்னர் மாதந்தோறும் சம்பளத்திலே கழித்துக் கொள்வார்கள். ஆக, அவளுடைய பண்டிகை அவளுடைய நாளைய உழைப்பை ஈடு வைத்துப் பெற்ற பண்டிகை. அவள் அந்தப் பணத்தைக் கொண்டு நகரத்துக்கு வந்து பிள்ளைகளுக்குச் சட்டை வாங்குகிறாள். பட்டாசு வெடித்த புகை அடங்குகிறது. கழிவு மாத்திரம் அடுத்த பண்டிகை நெருங்கும் வரை தொடர்கிறது. பெண்ணுக்கும் ஆணுக்கும் சமசம்பளம் தோட்டங்களிலே 1984இல்தான் வந்தது. மனைவி உழைத்த சம்பளத்தைக் கணவனே சென்று கையெழுத்திட்டுப் பெற்றுவரும் வழக்கமும் நெடுநாள் நிலவியது. ஆகவே, பெண்ணுக்கு உதவுவது என்று பேசும்போது, எவ்வளவு பணம் என்பதோடு, அது எவர் கையில் கொடுக்கப்படுகிறது என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

இங்கே ஒருவர் குறுக்கிட்டுக் கேட்கக்கூடும்: “நான் ஒருவன் பார்த்து வாங்குவதால் தோட்டத்துச் சம்பளம் உயர்ந்துவிடுமா? அது தொழிற்சங்கமும் சட்டமும் செய்ய வேண்டிய வேலையல்லவா? வாங்குகிறவனின் மனச்சாட்சியை வைத்துக் கொண்டு வறுமையை ஒழிக்க முடியுமா?”

நியாயமான கேள்வி. ஒழிக்க முடியாது என்பதே நேரான விடை. கூலியுயர்வு போராடிப் பெறப்பட்டதேயன்றி யாருடைய பரிசுப் பொட்டலத்திலிருந்தும் வந்ததன்று. ஆனால், வாங்குகிறவர்கள் ஒன்றுகூடி நின்றபோது சட்டத்துக்கு வழி பிறந்ததுண்டு. அமெரிக்காவில் 1899இல் தேசிய நுகர்வோர் கழகம் ஒன்று அமைந்தது; புளோரன்ஸ் கெல்லி என்ற அம்மையார் அதனை நடத்தினார். சிறுவரை வேலை வாங்காத, தொழிற்சாலைச் சட்டத்தை மீறாத ஆலைகளில் தைத்த மாதர் ஆடைகளுக்கு அவர்கள் ஒரு வெள்ளை முத்திரை வழங்கினர். முத்திரையுள்ளதையே வாங்குங்கள் என்று பெண்களிடம் சொன்னார்கள். நத்தார் காலத்தில் கடைப்பெண்கள் நள்ளிரவு வரை நின்று தளர்ந்து போவதைக் கண்டு, பண்டிகைப் பொருளை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள் என்று பிரசாரம் செய்தனர். அதே கழகம் பின்னர் வேலை நேரத்துக்கும் குறைந்தபட்சக் கூலிக்கும் சட்டம் கேட்டு நீதிமன்றம் வரை சென்றது. கடையிலே தொடங்கிய கேள்வி சட்டசபையில் போய் முடிந்தது.

நம் கண்டிக் கடைகளிலும் அப்பெண்கள் நிற்கிறார்கள். தீபாவளிக்கு முன்னைய வாரத்தில் ஒரு புடைவைக் கடைக்குள் நுழைபவர், நாற்பது புடைவைகளை விரித்துக் காட்டச் சொல்லி ஒன்றும் எடுக்காமல் எழுந்து போகிறார். அவற்றை மடித்து அடுக்குகிறவள் காலையிலிருந்து உட்கார்ந்தாளா என்று எவர் கேட்கிறார்? கேரளத்தில் 2018இலும் தமிழ்நாட்டில் 2021இலும் கடைப் பணியாளர்க்கு இருக்கை தர வேண்டும் என்று சட்டம் திருத்தப்பட்டது. உட்காருவதற்கே சட்டம் இயற்ற வேண்டிய நிலை! நலிவுற்ற பெண்களுக்கு உதவும் பண்டிகைக் கொள்முதல் என்றால் கைவினைக் கடையைத் தேடிப் போவது மட்டுமன்று. வழக்கமாகப் போகும் கடையிலே நின்றுகொண்டிருப்பவளை நோக்கிப் பார்ப்பதும் அதில் அடங்கும். கடைசி வாரத்து நெரிசலுக்குப் பதிலாக இரண்டு வாரம் முன்னதாகச் சென்றால் அவளுக்கும் நன்மை, நமக்கும் நன்மை.

இனி, எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டியதும் ஒன்றுண்டு. பெண்கள் நலம் என்ற பலகையைத் தொங்கவிட்டால் விற்பனை பெருகும் என்று கண்டுகொண்ட வணிகரும் உளர். உல்லாசப் பயணிகளை அழைத்து வருவோர்க்குத் தரகு கொடுக்கும் வழக்கம் கண்டியில் ஊரறிந்தது. அத்தரகு எங்கிருந்து வருகிறது? வாங்குகிறவன் கொடுக்கும் விலையிலிருந்து. அதாவது, செய்தவளுக்குப் போயிருக்கக்கூடிய பங்கிலிருந்து. வேறு சிலர் அப்பெண்ணின் துன்பக் கதையைப் படத்தோடு அச்சிட்டுப் பொருளோடு கட்டி விற்கின்றனர். கணவனை இழந்ததையும், அடிபட்டு வீட்டை விட்டு ஓடி வந்ததையும் ஒரு பைக்குள் போட்டு விற்பது எந்த அறத்தின்பாற்படும்? பொருள் விற்பனைக்கு வந்தது. அவள் வாழ்க்கை விற்பனைக்கு வரவில்லை.

ஆகவே, வாங்கும் முன் மூன்று கேள்விகளைக் கேட்கலாம். இதைச் செய்தவர் யார், எந்த ஊரில்? பொருளை ஒப்படைத்த நாளிலேயே அவளுக்குப் பணம் கொடுக்கிறீர்களா, அல்லது விற்ற பின்னரா? பண்டிகை கழிந்த பின்னும் அவளுக்கு வேலை உண்டா? இரண்டாவது கேள்வி மிக முக்கியமானது. விற்ற பின் பணம் என்று பொருளை வாங்கி வைக்கும் கடை, தன் முதலீட்டுப் பாரத்தை ஏழையின் தலையில் ஏற்றுகிறது. நூலுக்கும் சாயத்துக்கும் அவள் வட்டிக்குக் கடன் வாங்குவாள். பொருள் கடையிலே தூசி படிந்து கிடக்கும். வட்டி மட்டும் தூங்காமல் வளரும். நேர்மையான கடைக்காரர் இக்கேள்விகளுக்குத் தயங்காமல் விடை சொல்வார். தேயிலையாயின், நியாய வணிக முத்திரை உண்டா என்று பார்க்கலாம். அம்முத்திரை பெற்ற தோட்டங்களில் விலைக்கு மேலாக வரும் சிறப்புத் தொகையை எதற்குச் செலவிடுவது என்று தொழிலாளர் தேர்ந்தெடுத்த குழுவே முடிவு செய்யும். முத்திரை எல்லாக் குறைகளுக்கும் மருந்தன்று. ஆயினும், கேட்பார் உண்டு என்ற செய்தியாவது தோட்டத்துக்குப் போய்ச் சேரும்.

இப்பத்திரிகையின் வாசகர்களுள் ஆசிரியர்களும் மாணவர்களும் இலக்கிய அன்பர்களும் மிகுதி. ஆதலின் நம் வீட்டுக் காரியத்தையே எடுத்துக் கொள்வோம். ஆண்டில் எத்தனை நூல் வெளியீட்டு விழாக்கள்! எத்தனை பாராட்டுக் கூட்டங்கள்! ஒவ்வொன்றிலும் தலைவருக்கு ஒரு பொன்னாடை, சிறப்புரையாளருக்கு ஒரு பொன்னாடை, நூலாசிரியருக்கு மூன்று பொன்னாடை. போர்த்திய மறுகணமே அது மடிக்கப்பட்டு நாற்காலியின் மேல் போகிறது. வீட்டிலே அலமாரியின் அடித்தட்டுக்குப் போகிறது. சில வேளைகளில் அடுத்த விழாவில் வேறொருவர் தோளுக்கும் போகிறது. ஆலையிலே செய்த அந்த மினுக்குத் துணியால் குளிரும் தீராது, வேர்வையும் உறிஞ்சாது. உழைக்கும் மக்களின் துயரைக் கதையாகவும் கவிதையாகவும் எழுதிய எழுத்தாளனுக்கு, உழைத்த பெண்ணின் கை படாத துணியைப் போர்த்தி மரியாதை செய்வது பொருத்தந்தானா?

இலக்கியச் சங்கங்கள் இவ்வாறு முடிவு செய்யட்டும்: இனி நம் மேடையில் போர்த்துவது கைத்தறி ஆடையே, கொடுப்பது கைவினைப் பொருளே. பாடசாலைகளின் பரிசளிப்பு விழாவில் பிளாஸ்டிக் கிண்ணத்துக்குப் பதிலாக ஒரு நூலும், அதனை இட்டுச் செல்ல ஒரு கைத்தறிப் பையும் கொடுக்கலாம். ஒக்டோபர் 6ஆம் திகதி ஆசிரியர் தினத்துக்குப் பிள்ளைகள் வாங்கி வரும் அலங்காரப் பொருட்களைப் பற்றி ஆசிரியர்களே ஒரு சொல் சொன்னால், எத்தனை பெற்றோரின் பணம் நல்வழியில் திரும்பும்! இவற்றையெல்லாம் விழாவுக்கு முதல் நாள் ஓடிப் போய் வாங்க முடியாது. கை வேலைக்கு நாள் வேண்டும். மூன்று மாதம் முன்னதாகச் சொல்லி, விலையிலே பாதியை முற்பணமாகக் கொடுத்துவிட வேண்டும். தோட்டத்து முற்பணம் அவளைக் கடனாளியாக்குகிறது. இந்த முற்பணமோ நூலுக்கும் சாயத்துக்கும் கடன்படாதபடி அவளைக் காக்கிறது. ஒரே சொல், பொருளிலே எவ்வளவு வேறுபாடு!

விலை சற்றுக் கூடுமே என்பர். கூடத்தான் கூடும். 2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின் நடுத்தர வருமானத்தார் படும் பாட்டை அறியாமல் இதைச் சொல்லவில்லை. அதிகம் வாங்குங்கள் என்பதன்று என் வேண்டுகோள். மூன்று பொருள் வாங்குமிடத்தில் ஒன்றை வாங்குங்கள். அந்த ஒன்று மூன்று ஆண்டு நிலைப்பதாயிருக்கட்டும். பத்துப் பொன்னாடை வாங்கும் சங்கம் நான்கு வாங்கட்டும். மற்ற ஆறு பேரையும் ஒரு வணக்கத்தால் கௌரவிக்கலாம். அதனால் எவருடைய பெருமையும் குறைந்துவிடாது. கூட்டமும் சற்று முன்னதாக முடியும்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த பெருமழை கண்டி மாவட்டத்தை எவ்வாறு உலுக்கியது என்பதை நாம் மறந்துவிடவில்லை. மலைகள் சரிந்தன, வீடுகளும் உயிர்களும் மண்ணுக்குள் போயின. நத்தாருக்கு நான்கு வாரங்களே இருந்த நேரம் அது. அன்று நம் மக்கள் அரிசியும் துணியும் கட்டிக் கொண்டு ஓடியது போற்றத்தக்கது. ஆனால், நிவாரணப் பொதி தீர்ந்த பின்னும் வாழ்க்கை தீர்வதில்லை. தையல் இயந்திரத்தை வெள்ளத்துக்குக் கொடுத்தவளுக்கும், தறியோடு வீட்டை இழந்தவளுக்கும் இரண்டாம் மாதத்தில் வேண்டியது இன்னொரு பொதி அன்று, ஒரு கட்டளை. இத்தனை பைகள் தைத்துத் தா, இத்தனை பாய்கள் பின்னித் தா, இதோ பாதிப் பணம் என்ற கட்டளை. இரங்கி ஓடும் கால் நமக்கு உண்டு என்பதை அந்நாட்கள் காட்டின. நின்று தாங்கும் தோள் உண்டா என்பதை இனி வரும் ஆண்டுகளே காட்ட வேண்டும்.

அடுத்த பண்டிகை தொலைவில் இல்லை. கடைகள் விளக்குகளைத் தொங்கவிடும் முன்பே, நம் சங்கங்களின் செயற்குழுக்களும் பாடசாலைகளின் விழாக்குழுக்களும் ஒரு மாலை கூடி, இம்முறை எதை, யாரிடம், எந்த நாளில் பணம் கொடுத்து வாங்குவது என்று ஒரு தீர்மானம் எழுதிக் கொள்ளட்டும். கூட்டங்களில் நாம் நிறைவேற்றும் தீர்மானங்களுள் பெரும்பாலானவை அரசாங்கத்துக்கு அனுப்பப்பட்டு அங்கேயே உறங்குகின்றன. இதுவோ நாமே நிறைவேற்றக்கூடிய தீர்மானம்.